முதுகில் வெள்ளைக் கோடு

வாசல் குழாயடியில் இருந்தவர்கள்: கை கடிபட்ட பக்கத்து வீட்டு மீனம்மா, அவர் மகன் குகன், அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய உஷாராணி, அவள் கணவன் விமலன், கடித்த நாய் டைகர். மீனம்மா குனிந்து மிச்சச் சோற்றைப் போடும்போது கவ்விவிட்டது. சங்கிலியை இப்போது விமலன் இறுக்கிப் பிடித்திருந்தான்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா,” என்றான் குகன்.

“பயப்படாதீங்கக்கா. இதுக்கு ஊசி போட்டாச்சு லா. இவருதான் கூட்டிட்டுப் போனாரு,” என்றாள் உஷாராணி.

அவர்கள் குடியிருந்த பெம்பானில் இலவசமாக வெறிநாய்த் தடுப்பூசி போட்ட ஞாயிற்றுக்கிழமை, போட்ட நாய்களின் முதுகில் வெள்ளைக் கோடு இழுத்து அனுப்பினார்கள். சுங்கை ஊடாங் ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து வந்த விமலன், டைகரைக் கூட்டிப்போகச் சொன்ன மனைவிக்குத் தலையாட்டிவிட்டுப் படுத்தான். விழித்தபோது ஊசி போட்ட கூடாரத்தைப் பிரித்திருந்தார்கள். அவள் கோயிலிலிருந்து திரும்புவதற்குள், இரும்புக் குழாய்களில் குறி போடும் பெயிண்ட் பேனாவை வேலைப் பையிலிருந்து எடுத்து, தானே ஒரு கோட்டை இழுத்துவிட்டான். அடுத்த வாரம் கிளினிக்கில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

குகன் கோட்டைத் தேய்த்துப் பார்த்தான். “எங்க நாய்க்குப் போட்டது ஒரே மழையில போயிருச்சு. இது என்ன, ஜாலான்ல காருக்குக் கோடு போடுற பெயிண்டா?”

“வாய மூடுடா. ராத்திரி பூரா வேல செஞ்சிட்டு, தூக்கத்த விட்டுட்டுக் கூட்டிட்டுப் போன மனுசன். ஒன்ன அன்னிக்கு எத்தன தடவ எழுப்புனேன்?” என்றார் மீனம்மா.

உஷாராணி சிரித்தாள். விமலன் சங்கிலியைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினான். மீனம்மா கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் செத்தால்கூட ஏனென்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

“போடலக்கா,” என்றான் விமலன். “தூங்கிட்டேன். கோடு நான் போட்டது.”

குழாயை யாரும் மூடவில்லை. மீனம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சொல்லியிருந்தா டைகரையும் இவனோட அனுப்பியிருப்பேனே தம்பி,” என்றார். அவ்வளவுதான்.

குகன் அம்மாவை முன்சீட்டில் ஏற்றிக் காரை எடுத்தான். விமலன் பின்கதவில் கை வைத்தான்.

“வேணா அங்கிள். நீங்க போய்த் தூங்குங்க.”

கார் திரும்பி மறைந்தது. உஷாராணி சங்கிலிக்குக் கை நீட்டினாள். கொடுத்தான். நாயை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கிரில்லை இழுத்துச் சாத்தி, கம்பிகளுக்கிடையே கையை விட்டுப் பூட்டினாள். அவனைப் பார்க்காமலே உள்கதவையும் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.