விரல் அகலம் குறைந்த தாள்

அலறல் சாயப்பட்டறையிலிருந்து ஆபீசு வரைக்கும் கேட்டது. செவ்வந்தி கடித்த போண்டா வாயிலேயே நின்றது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பட்டறை முழுக்க நீராவி. ராசப்பனைச் சாக்கில் கிடத்தியிருந்தார்கள். சட்டையைக் கழற்றப் போனால் தோலும் கூட வந்தது. வெந்த சதையில் நீலச்சாயம் ஏறியிருந்தது. கத்தி ஓய்ந்து, பல் கிட்டி நடுங்கினான். கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனார்கள்.

"சாய மெஷின்ல பிரஷர் எறங்காம மூடியத் தொறந்துபோட்டான்," என்றார் மேனேஜர் கோவிந்தராஜுலு. "அவசரக் குடுக்கை. அவந் தப்புன்னு எழுதிப்போடலாம். ஆஸ்பத்திரிச் செலவு நம்ம தலைல உழுகாது."

ராசப்பன் நூல் குடோனில் மூட்டை சுமந்தவன். மெஷின்காரர் கொடுமுடிக்குக் காரியத்துக்குப் போனதால் இந்த வாரந்தான் அந்த மெஷினில் நிற்கிறான். மேனேஜரே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்: "சீட்டுல இருக்கறத வரிசையாச் செய்யி. செஞ்சதுக்கு ஒரு கோடு போடு. கடைசி வரிக்கும் கோடு போட்டா மூடியத் தொற. சொந்தப் புத்தி ஆகாது."

சீட்டு இன்னும் மெஷினில் கிளிப்பில் தொங்கியது. தினமும் அதை ஆபீசுக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துத் தருகிறவள் செவ்வந்திதான். எடுத்துப் பார்த்தாள். எல்லா வரிக்கும் பென்சில் கோடு. கடைசி வரி: '130 டிகிரியில் முக்கால் மணி நேரம் ஓட்டு.' அதற்கும் கோடு. அதோடு தாள் முடிந்திருந்தது.

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருக்க வேண்டும். எப்போதும் இருந்தது.

ஆபீசுக்கு ஓடினாள். மேசையில் பாதி போண்டா. அதன் அடியில், காலையில் சீட்டுக்குப் பின்னாலேயே பிரிண்டர் துப்பிய தாள். ஏறக்குறைய வெறுந்தாள். இந்தக் கம்பெனியில் வெறுந்தாளை யாரும் வீசமாட்டார்கள், கணக்குப் போடவோ பலகாரம் வைக்கவோ ஆகும். எண்ணெய் ஊறிய இடத்தில், மறுபக்கத்து எழுத்து ஒரு வரி இடவலம் மாறித் தெரிந்தது.

ஆபீசு முழுக்க ஒரே பிரிண்டர். எக்ஸ்போர்ட் பார்க்கும் சென்னகிருஷ்ணனிடம் போனாள்.

"ஏனுங்ணா, பிரிண்டர்ல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"அமெரிக்காக்காரனுக்கு அவனூரு சைஸ்லதான் பேப்பர் போகோணும் அம்மணி. என் சிஸ்டத்துல மாத்துனா ஒவ்வொருக்காவும் பழசுக்கே போகுது. அதான் சர்வர்லயே மாத்தி, டிரேலயும் அந்தப் பேப்பரப் போட்டுட்டேன். இனி எல்லாருக்கும் அதேதான். யாரும் ஒவ்வொருக்கா மாத்த வேண்டியதில்ல பாரு."

அவள் புதுத்தாளைப் பழைய தாளோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். உயரத்தில் ஒரு விரல் அகலம் குறைந்தது.

"கடைசி வரி அடுத்த பேப்பருக்குப் போயிருச்சுங்ணா."

சென்னகிருஷ்ணன் அந்த இடைவெளியையே பார்த்தான். சாயப்பட்டறைச் சீட்டும் இதே பிரிண்டரில்தான் வருகிறது என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டார்.

"அந்த எண்ணெய்க் காயிதத்தக் கிழிச்சுப் போடு அம்மணி. பேக்டரி இன்ஸ்பெக்டர் வாரதுக்குள்ள பிரிண்டரப் பழையபடி ஆக்கு."

"ராசப்பன் மேல தப்பில்லீங்க சார். சீட்டுல இருந்ததத்தான் செஞ்சிருக்கான்."

"அப்ப யார் மேல? வந்த காயிதத்துல போண்டா வெச்சுத் தின்னது யாரு, நானா?"

வாசல் கேட்டுப்பக்கம் சத்தம் எழுந்தது. ராசப்பனின் பெண்சாதி மாரியாத்தாள், களை வெட்டிய சேற்றுக் காலோடு வந்து வாட்ச்மேனிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

"அவசரப்பட்டானா? எம்புருசனா? சொல்லாம ஒரு துரும்பத் தொடமாட்டானுங்க அந்த மனுசன்! ஊட்டுல சோத்துச் சட்டியக்கூட நாஞ் சொன்னாத்தான் எறக்குவான்!"

செவ்வந்தி சீட்டையும் எண்ணெய்த் தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். "அம்மணி! வேல வேணுமா வேண்டாமா?" என்று மேனேஜர் படியில் நின்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

"அக்கா, இத மடியில வெச்சுக்குங்க. இன்ஸ்பெக்டர் கையில தவிர யாருகிட்டயும் குடுத்துராதீங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. என்ன எழுதியிருக்குது?"

செவ்வந்தி எண்ணெய்த் தாளைப் பிரித்தாள். மேனேஜருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"'சூடு எண்பதுக்கு இறங்கி, பிரஷர் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மூடியைத் திற.'"

மாரியாத்தாள் தாளை வாங்கி, தெரியாத அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள். விரலில் எண்ணெய் ஒட்டியது.

"இது அவங்கிட்டப் போகலியா?"

"போகலீங்கக்கா. இதுல பலகாரம் வெச்சு நாந் தின்னுட்டிருந்தேன்."