நாய்க்கு வைத்த பத்தியம்

மருத்துவமனைச் சமையலறையில் எனக்கு வேலை. தினமும் நூற்றறுபது பேருக்குப் பத்தியச் சாப்பாடு. உப்பு கிடையாது, மிளகாய் கிடையாது, எண்ணெய் பேருக்கு. எட்டு மணி நேரம் அதையே கிண்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் நாக்கு பழிவாங்கத் துடிக்கும். அதனால் எங்கள் வீட்டில் சோற்றைத் தவிர எல்லாமே சிவப்பாக இருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்த நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. எதைத் தின்றாலும் அரை மணி நேரத்தில் தண்ணீராகப் போனது. மூன்றாவது கால்மிதியைத் தூக்கிப் போட்ட அன்று கணவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள நிக்கலைன்னா, குடுத்தவங்ககிட்டயே கொண்டுபோய் விட்டுருவேன்."

ஊருக்கே பத்தியம் ஆக்குகிறவளிடமா சவால்? அதோடு, வேலை முடிந்து வரும்போது என்னைப் பார்த்து சந்தோஷப்படுகிற ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான். விடுவேனா?

குழைய வேகவைத்த சோறு, தோலுரித்து நாராகப் பிய்த்த கோழி, ஒரு கரண்டி பூசணி மசியல். வேலையிடத்துப் பழக்கத்தில் டப்பா மேல் "நாய், மதியம்" என்று சீட்டு ஒட்டினேன். பக்கத்து டப்பாவில் "மாமா, மதியம்". பகலில் வீட்டில் இருப்பவர் மாமனார் மட்டும்தான். நாய்க்கு வைக்கும் பொறுப்பும் அவருடையதுதான்.

நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை நாய் டாக்டர், நான் கொண்டுபோன மாதிரியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இதுல மிளகா விதை கெடக்கு."

"என் சமையல்லயா?"

"சமையலை நான் பாக்கலைம்மா. வெளிய வந்ததைச் சொல்றேன்."

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டேன். வேலைக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, மதியம் பின்வாசல் வழியாக உள்ளே வந்தேன். மாமனார் மேசையில் உட்கார்ந்து நாயின் டப்பாவை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே நாய், என் காரக் கறியில் மூக்கை விட்டுத் தும்மித் தும்மித் தின்றுகொண்டிருந்தது.

"ஏன் மாமா, உங்களுக்கே இது அடுக்குமா? வாயில்லாத ஜீவன்!"

கரண்டியைக் கீழே வைத்தார்.

"வயிறு எரியுதும்மா. உன் சாப்பாடு உள்ள இறங்க மாட்டேங்குது."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"போன மாசம் சொன்னேனேம்மா. வயசானா நாக்கு செத்துப்போகும் மாமான்னு சொல்லிட்டு, இன்னொரு கரண்டி ஊத்தின."

ஊற்றியது நினைவிருந்தது. சிரித்ததும் நினைவிருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது.

நடந்ததை முழுசாகச் சொல்லாமல் கணவரிடம் இன்னும் மூன்று நாள் கெடு வாங்கினேன். அன்றிலிருந்து பத்தியத்துக்குப் பெரிய பாத்திரம். புதன்கிழமை தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த கணவர், "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அன்று சாப்பிடும்போது மாமனாரிடம் கேட்டேன்: "வயிறு இப்ப எப்படி இருக்கு?"

அவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கும்மா. காலையில கெட்டியாப் போச்சு."

"நாயைக் கேக்கலை மாமா" என்றேன்.