கேதம் சொல்ல ஆளில்லை

தெரு முனையில் நின்று சிவசாமி இரண்டாவது முறை கூப்பிட்டபோது மூக்காயி அரிசியைக் களைந்து உலையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வீட்டிலிருந்து பிடி பிடியாக வந்த அரிசி. ஒன்றுபோல் வேகாது. அவளுடைய அண்ணன் செல்லமுத்து செத்து அன்றோடு ஒரு வருஷம். கண்மாய்க் கரையில், அவனை அடித்துப் போட்டிருந்த மடைக்குப் பக்கத்திலேயே படையல் போடுவதென்று கீழத்தெரு முழுக்கப் பேசி வைத்திருந்தது.

சிவசாமி பெரிய வீட்டின் காரியக்காரர். கீழத்தெருவுக்குள் கால் வைக்க மாட்டார், புளியமரத்தடி வரைக்கும்தான் வருவார். அங்கிருந்தே மூக்காயியின் புருஷனுக்குக் குரல் கொடுத்தார்.

"கொழந்தசாமி, அம்பலம் ஐயா விடியமுன்ன தவறிட்டாங்க. இலுப்பூருக்கும் நார்த்தாமலைக்கும் கேதம் சொல்லணும். கெளம்பு."

மூக்காயியின் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. ஊருக்குத் தலைவரான அம்பலம் செத்ததைவிட, தன் புருஷன் அதற்குள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டதுதான் அவளைப் பயமுறுத்தியது. கூரையில் செருகியிருந்த கம்பும் கைக்கு வந்திருந்தது. அவன் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. அவனுடைய அப்பன், அப்பனுக்கு அப்பன் எல்லோரும் அப்படித்தான் கிளம்பியிருப்பார்கள்.

மேலத்தெருவில் ஒரு சாவு விழுந்தால் கீழத்தெரு ஆள்தான் உறவுக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்கு நடந்துபோய் வாசலுக்கு வெளியே நின்று சாவுச் சேதியான கேதத்தைச் சொல்ல வேண்டும். வண்டியில் போகக்கூடாது. கடுதாசியில் எழுதினால் அவமரியாதை. ஆள் வந்து சொல்லாத சாவுக்கு உறவு வராது, உறவு வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். இதற்குக் கூலியாக ஒரு மரக்கால் நெல், குடிசை போட்டுக்கொள்ள மனை.

செல்லமுத்துதான் இதை முதலில் வேண்டாம் என்றவன். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவன். "எம் உசுரத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் நடந்தேன். அடுத்தவன் சாவத் தூக்கிக்கிட்டு இலுப்பூர் வரைக்கும் நடக்க முடியாது" என்று சொல்லிச் சிரிப்பான். எழுதப் படிக்கத் தெரியும். சமஸ்தானத்து அதிகாரிகளுக்கு மனு எழுதினான், பக்கத்து ஊர்த் தெருக்களுக்குப் போய் ராந்தல் வெளிச்சத்தில் பேசினான். மூன்று ஊர்களில் கேதம் சொல்லப் போவது நின்றது. நான்காவது ஊரில் பேசிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் மடையில் வைத்து அடித்தார்கள். அடித்தவன் யாரென்று தெரியவில்லை என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. எந்த வீட்டு வாக்குக்கு அந்தக் கைகள் ஓங்கின என்பது கீழத்தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அதற்குப் பிறகு மேலத்தெருவில் இரண்டு சாவு. இரண்டும் சின்ன வீடுகள். யாரையும் கூப்பிடாமல் அவர்களே போய்ச் சொல்லிக்கொண்டார்கள். இது பெரிய வீடு.

"போகப் போறீகளா?" என்றாள் மூக்காயி.

"மனை அவுகளது. நாளைக்கு முள்ள வெட்டி வழிய அடச்சா எங்கிட்டுப் போவ?"

"எங்கண்ணன் எங்கிட்டுப் போனான்?"

குழந்தைசாமி கம்பைக் கை மாற்றிப் பிடித்தான். அவள் அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினாள். கத்திச் சண்டை போட அவளுக்கு வராது. "போறதுன்னா போங்க. இலுப்பூருக்கு வழி கண்மாக்கரைதான். அவன் கெடந்த எடத்தத் தாண்டித்தான் போகணும்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் புளியமரத்துப் பக்கம் போனான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. சிவசாமியின் கழுத்து முன்னால் நீண்டது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தவனிடம், என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"கால்ல முள்ளுன்னேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அதை மீறிக்கொண்டு ஆத்திரமும் வந்தது. முகத்துக்கு நேராகச் சொன்னதற்காக ஒருவன் செத்திருக்கிறான், இவர் முள்ளைத் துணைக்குக் கூப்பிடுகிறார். ஆனால் கம்பு திரும்பவும் கூரைக்குப் போய்விட்டதையும் அவள் பார்த்தாள். சிவசாமி அடுத்தடுத்து நாலு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு, மற்ற இரண்டு பேருக்கும் முள்.

"தெருவுக்கே முள்ளு குத்திருச்சாடா?" என்று அவர் போகும்போது சொன்னார். "பொழுது சாயட்டும். புடுங்கி விட ஆளு வரும்."

உச்சி வெயிலில் பானையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார்கள். முப்பது நாற்பது பேர். யாரும் உரக்கப் பேசவில்லை. பங்குனி வெயிலில் கண்மாய் பாதிக்கு மேல் வற்றி வெடித்திருந்தது. அதற்கு அப்பாலிருந்து பெரிய வீட்டு ஒப்பாரி விட்டுவிட்டுக் கேட்டது. அழ உறவு வந்து சேராததால் வீட்டுப் பெண்கள் மட்டும் அழுது ஓய்ந்து மறுபடியும் தொடங்கினார்கள். இந்த வெயிலில் பிணம் எத்தனை நேரம் தாங்கும் என்று ஆண்கள் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். பிணம் கெட்டால் அந்தக் கோபமும் தங்கள் கூரையில்தான் வந்து இறங்கும். ஒருவன் மாற்றி ஒருவன் ஊரைத் திரும்பிப் பார்த்தபடியே இருந்தான்.

மூக்காயி இலையை விரித்துச் சோற்றை வைத்தபோது, கரைமேல் ஓர் ஆள் வருவது தெரிந்தது. தனியாக வந்தான். அம்பலத்தின் இளைய மகன் ரெங்கராஜ். முப்பது வயதிருக்கும், புதுக்கோட்டையில் காலேஜ் படித்தவன். செருப்பில்லாமல் வந்தான், சூடு தாங்காமல் புல் இருந்த இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான்.

உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவர்களுக்கே தெரிந்தது. மூக்காயி எழவில்லை.

அவன் தாண்டிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தார்கள். நாலு எட்டுத் தாண்டவும் செய்தான். பிறகு நின்று குழந்தைசாமியைப் பார்த்தான்.

"நான்தான் இலுப்பூருக்குப் போறேன்" என்றான். குரல் கரகரத்திருந்தது. "வாசல்ல நின்னு என்ன சொல்லணும்? எனக்குத் தெரியல."

அவன் கேட்டதில் கேலி இல்லை. அப்பனைப் பறிகொடுத்த முகம். குழந்தைசாமிக்கு மனசு இளகியிருக்க வேண்டும். "தண்ணி கேக்கக்கூடாது சின்னய்யா, மொதல்ல..." என்று தொடங்கினான்.

"இருங்க" என்றாள் மூக்காயி. புருஷனின் கை அவள் முழங்கையைப் பிடித்து இறுக்கியது. அவள் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"எங்கண்ணன் செத்த சேதிய எங்களுக்கு ஒருத்தரும் வந்து சொல்லல சின்னய்யா. சந்தையில வெறகு வித்தவ சொன்னா. நான் ஓடியாரதுக்குள்ள போலீஸு தூக்கிட்டுப் போயிருச்சு. மொகத்தக்கூடப் பாக்கல."

ரெங்கராஜ் சுடும் மண்ணில் கால் மாற்றி நின்றான்.

"கேதம் சொல்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. யாரு செத்தா, யாரு வீட்டுலேருந்து வந்திருக்கேன், ரெண்டையும் சொல்லணும். அம்புட்டுத்தான். மொதல்ல எங்களுக்குச் சொல்லுங்க. ஒரு வருசமா வராத சேதி."

யாரும் வழியை மறிக்கவில்லை. கரை அவனுக்கு முன்னால் நீளமாகக் கிடந்தது. போக வேண்டியவன் போயிருக்கலாம். கீழத்தெருக்காரர்களைக் கூண்டோடு விரட்டிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவன் ஊர்ப் பக்கம் பார்த்தான், இலையில் ஆறிக்கொண்டிருந்த சோற்றைப் பார்த்தான். செல்லமுத்து கிடந்த இடத்தை மட்டும், அது எதுவென்று யாரும் காட்டாமலே, பார்க்காமல் தவிர்த்தான். அதை மூக்காயி கவனித்தாள். குழந்தைசாமியும் கவனித்தான். அவள் முழங்கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

கேதம் சொல்ல ஆள் வந்து நின்றால் சேதியைக் கேட்பதற்கு முன்பே பெண்கள் எழுந்து கொண்டையை அவிழ்த்துவிடுவார்கள், முதல் சொல் காதில் விழுந்ததும் அழுவதற்கு. போன வருஷம் செல்லமுத்து செத்தபோது இரண்டு நாள் தெருவில் போலீஸ் நின்றது, அழக்கூடாது என்று உத்தரவு. பின்வரிசையிலிருந்த மீனம்மாள்தான் முதலில் எழுந்தாள். கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் முடியை அவிழ்த்துவிட்டாள். அடுத்து ஒருத்தி. அடுத்து இரண்டு பேர். மூக்காயியும் எழுந்தாள்.

ரெங்கராஜ் அவர்கள் பக்கம் திரும்பி நின்றான். உதடு பிரிந்தது.

வற்றிய கண்மாயிலிருந்து அனல் காற்று ஏறி வந்தது. பதினேழு பெண்களின் அவிழ்ந்த முடி ஒரே பக்கமாகப் பறந்தது. இன்னும் ஒருத்தியும் அழத் தொடங்கவில்லை.