முன்னால் தள்ளிய இருக்கை

காருக்கு அடியிலிருந்து வெளியே வந்த எம்மெட் ஸ்லோன் முதல் கேள்வியை வெர்னாவிடம் கேட்கவில்லை, அவள் மகன் கிரெக்கிடம் கேட்டார். அப்பா இந்த வண்டியை எப்போது வாங்கினார் என்று. வெர்னாவுக்குச் சுருக்கென்றது. காரின் சொந்தக்காரி கைத்தடியோடு குத்துக்கல் மாதிரி எதிரே நிற்கிறாள். அந்த மனுஷன் கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

"நான்தான் வாங்கினேன். அறுபத்தொன்பதுல, கண்ணாடி ஃபேக்டரி சம்பளத்துல. இவன் அப்பாவ நான் பார்த்ததே அதுக்கப்புறம்தான்."

எம்மெட் மரியாதையாகச் சிரித்தார். பழைய கார்களின் மெய் பொய்யைப் பார்த்துச் சான்று கொடுப்பது அவர் தொழில். பதிவுத்தாளில் அவள் பெயர் இருப்பதைப் பார்த்தாராம். ஆனால் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கார் வைத்திருக்கும் இளவட்டங்களிடம் பணம் கேட்டே இன்சூரன்ஸ்காரர்கள் தோலை உரித்துவிடுவார்கள். அதனால் பையன்கள் அம்மா பேரிலும், அக்கா பேரிலும், கட்டிக்கொள்ளப் போகிறவள் பேரிலும் எழுதி வைத்தார்கள். அவள் பொய் சொல்வதாகத் தான் சொல்லவில்லை, தாள் சாட்சி ஆகாது, அவ்வளவுதான் என்றார். பொய் சொல்கிறாய் என்று நேரே சொல்லியிருந்தால்கூட வெர்னாவுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஜூலையில் பிராக்கன் கார்களின் கூட்டம் நடக்கும். சான்று பெற்ற கார்களை மட்டும் முன்வரிசையில் நிறுத்துவார்கள். முதன்முதலில் வாங்கியவர் உயிரோடு இருந்தால் காரின் பக்கத்தில் நிற்கலாம். அங்கே நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். எழுபத்தேழு வயதில் அவள் அங்கே போய் நிற்க ஆசைப்பட்டாள்.

பிராக்கன் அவர்கள் ஊர்ப் பள்ளத்தாக்கில் புதுக் கார் விற்ற கடை. வெர்னாவின் கார் மாதிரி ஆலையிலிருந்து வந்த கமாரோ வண்டிகளின் எஞ்சினைத் தூக்கிவிட்டு, பந்தய எஞ்சினை உள்ளே திணித்து விற்பார்கள். ஆலைக்காரர்களுக்கு அந்தச் சங்கதியே தெரியாது. கடையும் பின்னாளில் காகிதங்களோடு எரிந்துபோனது. பெரிய எஞ்சினை எவனும் மாட்டிவிட்டு பிராக்கன் கார் என்று சாதிக்கலாம். மெய்யானதற்கு நாலு மடங்கு விலை என்றால் சாதிக்காமல் இருப்பானா? மெய்யைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கடைக்காரர்களின் அரக்கப்பரக்கச் செய்த வேலைதான். எங்கே ஓட்டை போட்டாலும் அடியில் பழைய லாரித் தகட்டில் ஒரு துண்டை வெட்டி, கிழிசலுக்கு ஒட்டுப்போட்ட மாதிரி பற்றவைப்பார்கள். பார்க்கச் சகிக்காது. அந்த அசிங்கத்தைத்தான் எம்மெட் தேடினார்.

இதில் ஒரு ஒட்டுகூட இல்லை என்றார். தரைத்தகடு முழுக்கப் புதுசு, முகம் பார்க்கலாம்.

வெர்னா மகனைப் பார்த்தாள். இடுப்பு அறுவை முடிந்து அவள் படுத்துக்கிடந்தபோது, அம்மாவுக்குப் பரிசு என்று அவன்தான் வண்டியை ஒஹாயோவில் இருந்த ஒரு பெரிய பட்டறைக்கு அனுப்பினான். எந்தக் குறையும் கண்ணில் படக்கூடாது என்று சொல்லியும் விட்டானாம். அவர்கள் ஒட்டுகளையெல்லாம் தேய்த்தெடுத்து, பழைய தரையை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சாட்சிக்குக் காட்டலாமென்றால், அதற்கு முன்பு எடுத்த படங்களில் இருக்கையும் விரிப்பும்தான் தெரிந்தன.

வெர்னா கதவைத் திறந்து உட்கார்ந்தாள். வண்டி திரும்பி வந்தபின் அவள் ஏறுவது இதுதான் முதல் தடவை. இருக்கையை முடிந்தமட்டும் முன்னால் இழுத்துக் காலை நீட்டினாள். கிளட்ச் எட்டவில்லை.

"என் சீட்டு எங்கடா?"

அவள் ஐந்தடிகூட இல்லை. அன்றைக்கு பிராக்கன் கடையில், கால் எட்டாத வண்டி எனக்கு எதற்கு என்று கேட்டாள். ஓட்டப்போகிறவனைக் கூட்டிக்கொண்டு வா என்று விற்கிறவன் இளித்தான். அவள் விருட்டென்று திரும்பி வாசல்வரை போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் இருக்கையின் போல்ட்டுகளுக்குத் தரையில் புது ஓட்டை போட்டு, அடியில் தகடு பற்றவைத்து, இருக்கையை நாலு விரல் முன்னால் தள்ளிக் கொடுத்தார்கள்.

அவள் இதைச் சொல்லக் கேட்டதும் எம்மெட்டின் சிரிப்பு நின்றது. கையைத் துடைத்த துணியைக் கீழே வைத்தார்.

"அந்தத் தகடு மட்டும் இருந்திருந்தா, மேடம், வேற எதையுமே நான் பார்த்திருக்க மாட்டேன். எந்த ஆம்பளையும் தனக்கு வாங்கற வண்டியில அப்படிப் போடச் சொல்ல மாட்டான்."

கிரெக் தொண்டையைச் செருமினான். "அது யாரோ தப்பா மாட்டினதுன்னு நெனச்சேன்மா. அப்பாவுக்கு முட்டி இடிச்சிருக்குமே. நான்தான் சரி பண்ணச் சொன்னேன்."

"உங்கப்பனுக்குக் கியர் வண்டியே ஓட்டத் தெரியாதுடா! சாகற வரைக்கும் நான் பக்கத்துல உட்கார வெச்சு ஓட்டினேன். பின்சீட்டுல உட்கார்ந்து வந்தவன் நீ. நீயுமா அவர் வண்டின்னு நெனச்ச?"

வெளியே இருப்பவன் நம்பாவிட்டால் போகிறான். வயிற்றில் பிறந்தவன் கண்ணால் பார்த்தும் நம்பவில்லை என்றால் அதை எங்கே போய்ச் சொல்ல?

அதே இடத்தில் மறுபடி ஓட்டை போட்டு, பழைய தகடு தேடிப் பற்றவைத்து, துரு ஏற்றிவிட்டால் என்ன என்று கிரெக் மெதுவாகக் கேட்டான். எம்மெட் சுவரைப் பார்த்தார். வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை.

வெர்னா கைத்தடியால் தரையில் ஓங்கித் தட்டினாள். "உண்மைய அழிச்சுட்டு, அதே உண்மைக்குப் பொய்ச்சாட்சி தயார் பண்றியா? எழுதுங்க எம்மெட். நகல்னே எழுதுங்க."

அவர் எழுதினார். கிளம்பும்போது, தனக்கு அவள் சொன்னதில் நம்பிக்கை இருக்கிறது என்றார். அந்த நம்பிக்கையை வைத்து முன்வரிசையில் நிறுத்துவார்களா என்று கேட்டாள். மாட்டார்கள் என்றார். அப்படியானால் போய்ட்டு வாங்க என்றாள்.

அவர் கார் தெருமுனையைத் தாண்டியதும் மகனிடம் துளைபோடும் மெஷினை எடுக்கச் சொன்னாள். அவன் பதறினான். நகலாகவே இருந்தாலும் பட்டறை வேலைக்கென்று ஒரு விலை உண்டு, புதுத் தகட்டில் ஓட்டை விழுந்தால் அதுவும் போய்விடும் என்றான்.

"போகட்டும். எனக்குக் கால் எட்டணும்."

அவன் இருக்கையைக் கழற்றி, மண்டியிட்டு, பளபளத்த தகட்டில் துளை போட்டான். அவள் பக்கத்திலேயே நின்று இன்னும் முன்னால், இன்னும் முன்னால் என்றாள். மாட்டி முடித்ததும் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை அடிவரை மிதித்தாள். எட்டியது. சாவியைத் திருப்பியதும் கொட்டகையே அதிர்ந்தது.

கிரெக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபக்கக் கதவைத் திறக்கப் பார்த்தான். அவள் உள்ளே பூட்டைப் போட்டாள். அவன் கண்ணாடிக்கு வெளியே, வாயைத் திறந்தபடி, பள்ளிக்கூடத்தில் மறந்துவிட்டுப்போன பிள்ளை மாதிரி நின்றான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் பூட்டை எடுக்கவில்லை, கியரைப் போட்டாள்.