செர்ரி மேசைக்கு ஏற்ற பூச்சு

உப்புத்தாளை மூன்றாக மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, செல்லச்சாமியும் சண்முகத்தாயும் மேசையின் இரண்டு முனையிலிருந்தும் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை. மரத்தின் ரேகை ஓடுகிற வாக்கிலேயே கை போக வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்துவிட்டாலும் பூச்சு ஏறின பிறகு அந்தக் கோடு காட்டிக் கொடுத்துவிடும். இளஞ்சிவப்பாகத் தூள் எழும்பி இருவர் புருவத்திலும் படிந்தது. செல்லச்சாமி நாலு இழுப்புக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்கினார். அவர் நிறுத்தும்போதெல்லாம் அவளும் நிறுத்தி, தாளில் ஒட்டிய தூளைத் தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தாள்.

செர்ரி மரம், தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி வந்தது. ஆமத்தூர் பக்கம் முதலாளி செந்தூர்பாண்டி கட்டியிருக்கிற புது வீட்டுக்கு அந்த ஒரு மேசைக்காகவே வரவழைத்தது. ஆசாரி மேசையைக் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பால்காய்ச்சுக்கு ஒன்பது நாள் இருந்தது.

எம். புதுப்பட்டியில் செந்தூர்பாண்டியின் பட்டாசு ஆலையான வெடியாபீஸில்தான் முன்பு புருஷனும் பொண்டாட்டியும் வேலை பார்த்தார்கள். செல்லச்சாமி வெடிமருந்து சலிக்கிற அறையில் இருபத்திரண்டு வருஷம். அலுமினியப் பொடி நெஞ்சில் தங்கிவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துச் சொன்னார்கள். இனிமேல் பொடி, புகை, தின்னர் வாடை எதுவும் ஆகாது, இன்னொரு தரம் நெஞ்சு அடைத்தால் மீட்பது கஷ்டம் என்று டாக்டர் சண்முகத்தாயைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். அதன்பிறகுதான் அவர் பாலிஷ் வேலை கற்றுக்கொண்டார். அரக்கும் எண்ணெயும் போட்டுக் கையால் தேய்க்கிற வேலைதான்; அதில் மரத்தூளை மட்டும் தவிர்க்க முடியவில்லை. ஸ்ப்ரே கன் பிடித்து அடிக்கிற வேலைக்கு யார் கூப்பிட்டாலும் போவதில்லை.

மத்தியானம் முதலாளியம்மா யோகேஸ்வரி காரில் வந்து இறங்கினாள். செல்லச்சாமி மூன்று செர்ரித் துண்டுகளில் மாதிரி போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தார்.

"இது அரக்கும்மா. இது ஆளிவிதை எண்ணெய். இது பி.யூ., பிளாஸ்டிக் மாதிரி காயுற பூச்சு, பக்கத்துக் கடைல சும்மா ஒரு துண்டுக்கு அடிச்சு வாங்குனேன். மூணுமே நிறம் பூசாத தெளிஞ்ச பூச்சுதான். மரம் எப்படி இருக்கோ அப்படியே தெரியும்."

"சாயம் கொஞ்சம் ஏத்தக் கூடாதா செல்லச்சாமி? வெளுப்பா இருக்கே."

"செர்ரிக்குச் சாயமே வேண்டாம்மா. திட்டுத் திட்டாக் குடிச்சிரும். வெளிச்சம் பட்டா ஒரு வருசத்துல அதுவே சிவந்துரும்."

அவள் மூன்று துண்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய்த் துண்டைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தாள். சண்முகத்தாய் தேய்ப்பதை நிறுத்தி அந்தக் கையையே பார்த்தாள்.

"குழம்புச் சட்டியச் சூடா வச்சா எது தாங்கும்?"

செல்லச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "அரக்குல சூடு பட்டா வெள்ளையாத் தடம் விழுகும்மா. எண்ணெய்னா ஆறு மாசத்துக்கு ஒருதரம் திரும்பத் தேய்க்கணும்."

"பி.யூ.?"

"அது தாங்கும்."

"அப்ப அதையே அடிச்சுருங்க."

"அது கன்ல அடிக்கணும். பிரஷ்ல இழுத்தா கோடு விழும். நான் கன் பிடிக்கிறதில்லம்மா, நெஞ்சுக்கு ஆகாது. வேற ஆள் வேணும்."

"முகூர்த்த மாசத்துல எந்த ஆள் சிக்குவான்? ஒரு நாள் வேலைதான. பழைய ஆளுன்னுதான் உங்கள வச்சிருக்கு. முடியலைன்னா சொல்லீருங்க, மிச்ச கதவு, கட்டில் வேலையெல்லாம் மதுரைக்காரங்ககிட்ட மொத்தமாக் குடுத்துருவோம்."

கதவும் கட்டிலும் எட்டு மாத வேலை. செல்லச்சாமி மேசையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

பஸ் நிறுத்தத்தில் சண்முகத்தாய் கேட்டாள்.

"எண்ணெயும் சூடு தாங்கும், அரக்கும் தாங்கும்னு சொல்லித் தொலைச்சா என்ன? வாய்ல முள்ளா குத்துது?"

"தடம் விழுந்தா நம்மளத்தான கூப்பிடுவாக."

"கூப்பிடட்டும். போயி இன்னொருக்கத் தேச்சுட்டு வருவோம். நெஞ்ச யாரு தேச்சுக் குடுப்பா?"

"ஒரு நாள்தான் சம்முகம்."

"அரிச்சந்திர மகராசா," என்றாள். அதற்கு அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, பஸ் வந்து நிற்கிறவரை ஓயவில்லை.

கன்னுக்குக் காற்று தர வாடகைக்குக் கம்ப்ரசர் வந்தது. பூச்சு ஈரமாக இருக்கிறபோது ஒரு தூசி விழுந்தாலும் முள்மாதிரி நிற்கும். ஆகையால் கூடத்தின் ஆறு ஜன்னலையும் அடைத்து, கதவிடுக்கில் காகிதம் ஒட்ட வேண்டியிருந்தது. செல்லச்சாமி ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்து, கடைசி ஜன்னலில் கையை வைத்தபடி நின்றார். வெடியாபீஸில் ஓர் அறைக்கு நாலு வாசல். தீப்பிடித்தால் ஓடுவதற்கு நாலும் திறந்து கிடக்க வேண்டும். வாசலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும்.

அவர் பி.யூ.வில் அதை இறுகவைக்கிற ஹார்டனரைக் கலக்க வெளியே போன நேரத்தில் சண்முகத்தாய் கொல்லைக் குழாயில் நாலு வாளி பிடித்துக் கூடத்துத் தரை முழுக்கத் தெளித்தாள். சாக்கை நனைத்து ஜன்னலடியில் போட்டாள். வெடியாபீஸில் வெயில் காலத்தில் அறையைத் திறந்ததும் முதல் வேலை அதுதானே. தரை காய்ந்திருந்தால் பொடி பறக்கும், பொறி தட்டும். பதினெட்டு வருஷம் தினமும் செய்த கை. தூசி அடங்கினால் அவருக்கு அந்த அளவாவது மூச்சு மிச்சம் என்று நினைத்துத்தான் அவள் ஊற்றினாள்.

கொரோனாக் காலத்து மாஸ்க் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டு, அதன்மேல் துண்டையும் கட்டிக்கொண்டு செல்லச்சாமி உள்ளே போனார். ஈரத்தரையைப் பார்த்தார். அவருக்கும் அது வழக்கமான தரையாகத்தான் பட்டது. கதவைச் சாத்திக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். இழுப்பு மருந்தை அவள் வாயில் வைத்து அமுக்கினாள். விலா எலும்பு ஒவ்வொன்றும் உள்ளே போய் வந்தது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது மேசை பாலாடை போட்டது மாதிரி கிடந்தது. ரேகையே தெரியவில்லை. கிட்டப்போய்ப் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் கொப்புளம் கொப்புளமாக.

"ஈரத்த இழுத்துருச்சு," என்றார் செல்லச்சாமி. "ஹார்டனர்ல ஈரக்காத்து பட்டா இப்படித்தான் பொங்கும்னு கடைக்காரன் சொன்னான். தரையப் பாத்தும் எனக்குத் தோணல பாரு."

சண்முகத்தாய் மேசை விளிம்பைத் தடவினாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்து வைத்தாள்.

செந்தூர்பாண்டி வந்து பார்த்தார். சத்தம் போடுகிற மனிதர் அல்ல. "யாரு தண்ணி ஊத்துனது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் ஊத்தச் சொன்னேன் மொதலாளி," என்றார் செல்லச்சாமி.

"வெடியாபீஸ் புத்தி போகலையேப்பா உனக்கு." லேசாகச் சிரித்தார். "சரி. தேதிய மாத்த முடியாது. எல்லாத்தையும் தேச்செடுத்துட்டுத் திரும்ப அடி. ரெண்டு கோட்டா, ரெண்டு தடவை அடிச்சுரு, நல்லா நிக்கட்டும்."

"மொதலாளி, இவுகளுக்கு நேத்தே மூச்சு..." என்று சண்முகத்தாய் ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. மெதுவாச் செய்யட்டும், இன்னும் அஞ்சு நாள் இருக்குல்ல?"

மூன்று நாள் தேய்த்தார்கள். வெள்ளைத் தூள் சலித்த மாவு மாதிரி பறந்தது. நான்காம் நாள் தரை காய்ந்து கிடந்தது. ஜன்னல்கள் அடைபட்டிருந்தன. "கன்னை எங்கிட்டக் குடுங்க, நான் அடிக்கேன்," என்று அவள் கையை நீட்டினாள்.

"வழிஞ்சு போகும் சம்முகம். இன்னொரு தரம் தேய்க்க ஒடம்புல தெம்பில்ல."

காலையில் ஒரு கோட், சாயங்காலம் ஒரு கோட். இரண்டாவது முறை கதவு திறந்தபோது அவர் நடந்து வரவில்லை. முழங்காலில் வந்தார். உதடு நாவற்பழம் தின்றது மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். காய்கிறவரை யாரும் கதவைத் திறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சைகையால் சொன்னார். அங்கேயே தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

மறுநாள் மேசை தண்ணீர் நிற்பதுபோலத் தெளிந்து நின்றது. ரேகை ஒவ்வொன்றும் அடியில் ஓடியது. யோகேஸ்வரி பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கூடத்து வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, என்ன வாடை. பிள்ளைய உள்ள விடாதீக, காருக்குள்ளயே ஏ.சி.ல இருக்கட்டும்," என்றாள். செந்தூர்பாண்டி போனில் பேசினார். அரை மணி நேரத்தில் எலெக்ட்ரீசியன் வேலுச்சாமி, தாம்பாளம் அகலத்துக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனோடு வந்து இறங்கினான்.

கொல்லைப் பக்க ஜன்னலுக்கு மேலே அதை மாட்ட வேண்டும். ஸ்டூலைப் பிடிக்க ஆள் இல்லை. செல்லச்சாமி எழுந்து வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டாதீக அண்ணே, விழுந்துருவேன்," என்றான் வேலுச்சாமி.

"நான் ஆட்டலப்பா. மூச்சு ஆட்டுது."

ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது. கூடத்துக் காற்று மொத்தமும் வெளியே பாய்ந்தது. கொல்லையில், அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, சண்முகத்தாய் அவருக்குக் கஞ்சி ஊற்றத் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தாள். வாடை முகத்தில் அடித்ததும் மூடியை அமுக்கி மூடினாள். எங்கே நகர்ந்து உட்காருவது என்று சுற்றிலும் பார்த்தாள். மற்ற பக்கமெல்லாம் பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். காரின் கதவு திறந்து, குழந்தை வீட்டுக்குள் ஓடுகிற கொலுசுச் சத்தம் கேட்டது.