அவர் பங்கு நடை

மகள் ஈரத்துணியால் அப்பாவின் இடது கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த கைபேசி அதிர்ந்தது. துக்கம் விசாரிக்க யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துப் பார்த்தாள். 'அப்பா நடக்கத் தொடங்கிவிட்டார்' என்றிருந்தது.

அப்பா அவள் எதிரே பெஞ்சில் கிடந்தார். முந்தின நாள் மாலை நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். அவனுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

திரையில் சிவப்பாக ஒரு சின்ன இதயம் துடித்தது. பக்கத்தில் இருந்த நாடிக்கணக்கு அவள் பார்க்கப் பார்க்க ஏறியது.

அப்பாவின் மணிக்கட்டைத் திருப்பினாள். வாட்ச் இல்லை. இரண்டு வருடம் இரவும் பகலும் கட்டியிருந்த கையில் பட்டை பதிந்த தடமும் இல்லை. முழங்கை முதல் விரல்வரை ஒரே நிறம்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கறே?" என்றாள் அத்தை.

"அப்பா வாட்ச் எங்க அத்தை?"

"உயிரே போயிடுச்சு. வாட்ச் எங்க போனா என்ன?"

அப்பா பேருந்து ஓட்டியவர். முதல்முறை நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தினமும் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும், உப்பும் எண்ணெயும் குறைய வேண்டும், பொரித்ததைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். ஊரையே நடக்கவிடாமல் பார்த்துக்கொண்ட ஆளை நடக்கச் சொல்கிறாரே என்று திரும்பும் வழியெல்லாம் அப்பா புலம்பினார். மகள்தான் அந்த வாட்ச்சை வாங்கி வந்தாள். நடையையும் நாடியையும் அது அவளுடைய கைபேசிக்கும் அண்ணனுடைய கைபேசிக்கும் அனுப்பும். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. அதற்கப்புறம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அப்பா திருந்திவிட்டார் என்று அண்ணனும் தங்கையும் போனில் பேசிப் பூரித்தார்கள்.

போன மாதம் டாக்டரிடம் அவள் அதையெல்லாம் காட்டினாள். மூச்சு வாங்குகிறதா என்று அவர் கேட்டதற்கு அப்பா இல்லை என்றார். இப்படி நடக்கிறவருக்கு அவசரமில்லை, ரத்தக்குழாய் பரிசோதனையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் தள்ளிப்போட்டார். அம்மாவும் அங்கேதான் இருந்தாள், புடவைத் தலைப்பைக் கைகளின் மேல் போட்டுக்கொண்டு.

மகள் துணியை வாளியில் போட்டாள். அம்மா எங்கே என்று கேட்டாள். உள்ளே படுத்திருக்கிறாள், எழுப்பாதே என்றாள் அத்தை. உள்ளே கட்டில் காலியாக இருந்தது. தலையணையில் தலை வைத்த பள்ளம்கூட இல்லை.

வீட்டில் வேறெங்கும் அம்மா இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறும்போது கைபேசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அது அடங்குவதும் அதிர்வதுமாக இருந்தது.

மொட்டைமாடியில் அம்மா நடந்துகொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணிக்கொடிக்கு அடியில் குனிந்து, சுவரோரமாகத் திரும்பி வந்தாள். காலில் செருப்பு இல்லை. வெயில் ஏறி, தளம் சுட ஆரம்பித்திருந்தது. இரண்டு வருடத்தில் அம்மா பாதியாக இளைத்திருந்தாள். வயசுக்கு அது நல்லதுதான் என்று மகள் நினைத்திருந்தாள். இப்போது தோளைச் சரித்து, ஒரு கையைப் பின்னால் கட்டி வந்த அந்த நடை அப்பாவுடையது. அடுத்த கையில் வாட்ச் இருந்தது.

"அம்மா."

அம்மா நிற்கவில்லை. மகள் கூடவே நடந்தாள்.

"அவர் மாட்டேன்னுட்டார். வீட்ல ஒருத்தராவது நடக்கணுமில்ல" என்றாள் அம்மா.

வேகவைத்த காய்களும் அப்படித்தானாம். உப்பில்லாமல் அவருக்குத் தொண்டையில் இறங்காது. தட்டைத் தள்ளிவிட்டு அவள் தட்டை இழுத்துக்கொள்வார். அவருடையதை அவள் சாப்பிடுவாள். மகள் வரும் நாட்களில் மட்டும் தட்டுகள் முதலில் சரியான இடத்தில் இருக்கும்.

"அவருக்குக் காய்ச்சல்னா எனக்குச் சோறு இறங்காது. எனக்குத் தலைவலின்னா அவருக்குத் தூக்கம் வராது. அத்தனையும் போய்ச் சேர்ந்துச்சு. நான் நடந்தது மட்டும் அவருக்குச் சேராதா என்ன?"

அம்மா இதை வாதமாகச் சொல்லவில்லை. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்பதுபோலச் சொன்னாள்.

தொட்டியைச் சுற்றித் திரும்பும்போது அவள் குரல் தாழ்ந்தது.

"டாக்டரே நல்லா இருக்குன்னாரே. மழை பெஞ்சாக்கூட விடலையே நான். எங்கடி தப்புப் பண்ணேன்?"

பதில் மகளின் வாய்வரை வந்துவிட்டது. டாக்டர் பார்த்தது உன் நெஞ்சை, அம்மா. நல்லா இருந்தது உன்னுடையது. சொன்னால் இரண்டே வரி. அதற்கப்புறம் அம்மா எப்படி இருப்பாள் என்று அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

"ஒரு தப்பும் இல்லம்மா."

அம்மா தலையசைத்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

"போதும்மா, உட்காரு. கால் வெந்துடும்."

"நிறுத்தச் சொல்லாதே." அம்மா மகளின் கையிலிருந்த கைபேசியை மோவாயால் காட்டினாள். "அதுல துடிக்குதில்ல?"

மகள் பார்த்தாள். "துடிக்குது."

"உங்கண்ணன் இறங்கினதும் முதல்ல அதைத்தான் பாப்பான். அவன் வந்து சேர்ற வரைக்கும் இருக்கட்டும்."

மகள் தன் செருப்புகளைக் கழற்றி, அம்மா திரும்பி வரும் வழியில் ஜோடியாக வைத்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினாள். அம்மா வந்தாள். வேகம் குறையாமல் ஒரு காலை நுழைத்தாள், அப்புறம் மற்றதை. அளவு பெரிது. அடிக்கு அடி குதிகாலில் அறைந்தது.

கீழே கூடத்தில் பேச்சு நின்றது. அத்தையின் குரல் மட்டும் படி வழியாக மெல்ல வந்தது.

"மேல யாரு நடக்கறது?"