பன்னிரண்டு பன்னிரண்டு பேராக

“பெட்டிய இறக்குங்க! பாலத்துல ஏறாதீங்க!” என்று ஜெஸ்லின் கத்தியதில் ஜெபமாலை பாதியில் நின்றுவிட்டது.

ஆறு பேர் தோளில் அப்பாவின் சவப்பெட்டி. பின்னால் ஊரே வந்திருந்தது, எப்படியும் முந்நூறு பேர். முன்னால் உப்போடைப் பாலம். ‘பாலம் பழுதடைந்துள்ளது’ என்று அதன் வாயில் பலகை வைக்கச் சொன்னதே அவள்தான். யூனியன் ஆபீஸில் உதவிப் பொறியாளர். போன மாதம் படகில் போய், தூண்களில் சிமெண்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவளும் அவள்தான்.

“ஏளா, கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு?” என்றார் பாஸ்கல் சித்தப்பா. “பெத்த தகப்பன நடுரோட்டுல இறக்கச் சொல்லுத!”

“எல்லாரும் மொத்தமா ஏறுனா தாங்காது சித்தப்பா. பெட்டி முதல்ல போகட்டும். பொறவு பன்னெண்டு பன்னெண்டு பேரா போங்க.”

“கல்லறைக்கு நேரா நடந்து போவ நமக்கு இந்த ஒரு வழிதான இருக்கு? பைபாஸ்ல சுத்துனா பதினாலு கிலோமீட்டரு. நம்ம ஊர்ல பிரேதத்த வண்டியில ஏத்துன வழக்கம் உண்டுமா? சரி, எப்ப புதுசு கட்டப் போறீய? எழுதியாச்சா?”

பொய் சொல்லியிருக்கலாம். அப்பாவின் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு அதற்கு வாய் வரவில்லை.

“புதுசு வேண்டாம், இத இடிச்சாப் போதும்னு எழுதிருக்கேன். நாளைக்கு தூத்துக்குடியில மீட்டிங்.”

“வேண்டாமா? ஏன்?”

“உப்பு லாரியெல்லாம் பைபாஸுக்குப் போயிட்டு. மூணு நாளு ஆள் போட்டு எண்ணுனோம். ஒரு நாளைக்குப் பத்தொம்பது வண்டிதான் போவுது.”

“வண்டி சரி. நடந்து போறவன?”

“அதுக்கு அந்த ஃபாரத்துல கட்டமே இல்ல சித்தப்பா.”

“நல்லா எண்ணுனிய போ! செத்தவனெல்லாம் பைக்குல ஏறியா போறான்?”

யாரும் சிரிக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அம்மாவை இதே பாலத்தில்தான் தூக்கிப்போனார்கள். ஜெஸ்லின் பின்னாலேயே அழுதுகொண்டு நடந்தாள். அந்த ஃபாரத்தை நிரப்பியபோது அது நினைவுக்கு வரவேயில்லை. படித்துக் கிழித்த லட்சணம் இதுதானா என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. புதுப்பாலம் வேண்டாமென்று எழுதியதை நேற்றுக் கஞ்சி கொடுக்கும்போது அப்பாவிடம் சொல்லிவிட நினைத்தாள். காய்ச்சல் இறங்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு அக்கரையில் அடுத்த ஊரில் அவருக்குப் பூசை இருந்தது. ஆறு பேரும் பெட்டியை மறுபடி தூக்கினார்கள். முன்பக்கம் தோள் கொடுத்திருந்த தம்பி ரெக்சன் திரும்பிப் பார்த்தான்.

“நீயும் வாக்கா. மண்ணு போடாண்டாமா?”

“நான் வந்தா இங்க எல்லாரும் ஏறிருவாங்கலே. நீ போ.”

அவன் நடந்தான். சாமியார் பின்னால் போனார். பெட்டி அக்கரை சேரும்வரை ஜெஸ்லின் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாலத்தின் வாயில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். பன்னிரண்டு பேர். அவர்கள் கரையேறியதும் இன்னொரு பன்னிரண்டு.

“எங்கள என்ன ஆடுமாடுன்னு நெனச்சியா?” என்று அமலோற்பவம் மதினி ஏசினாள். ஏசிவிட்டு வரிசையிலேயே நின்றாள்.

அக்கரையில் குருசடிச் சிலுவையின் முன்னால் பெட்டியை இறக்கினார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் முழங்காலிட்டார்கள். எழுந்தார்கள். பெட்டி உடைமரங்களுக்குள் போய் மறைந்தது. எட்டிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. காற்றில் பாட்டுச் சத்தம் வந்து வந்து போனது. ஓடிவிடலாம் போலிருந்தது. கைகளை இறக்கினால் பின்னாலிருப்பவர்கள் அத்தனை பேரும் ஏறிவிடுவார்கள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

பதினான்காவது பன்னிரண்டு பேர் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கையை விரித்தபடியே மறு கையால் ஃபோனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டாள்.

“சார், உப்போடை ரிப்போர்ட்ட நாளைக்கு வைக்காதீங்க.”

“ஏம்மா, உங்க வீட்டுல துட்டின்னு சொன்னாங்க. இப்பப் போயி ரிப்போர்ட்டா?”

“இடிக்கணும்னு எழுதுனது சரி சார். புதுசு வேண்டாம்னு எழுதுனதுதான் தப்பு. தப்பா எண்ணிட்டேன்.”

“அப்போ எத்தனை பேருதான் போறாங்க?”

“எண்ணிக்கிட்டிருக்கேன் சார்,” என்றாள். அடுத்த பன்னிரண்டு பேருக்கு வழிவிட வேண்டியிருந்தது. ஃபோனை வைத்துவிட்டாள்.

கடைசியாக ஒன்பது பேர் போனார்கள். அவர்கள் அக்கரை ஏறிய பிறகு பாலத்தில் காலை வைத்தாள். ஓடவில்லை. ஓடினால் அதிரும்.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் இல்லை. பூசைக்குக் கிளம்பிவிட்டிருந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. கால்மாட்டிலிருந்து குழியை மூடிக்கொண்டு வந்திருந்தார்கள். தலைமாட்டில் மட்டும் பெட்டியின் பலகை தெரிந்தது. கடற்கரை மணல், நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது. ரெக்சன் குழிக்குள் இறங்கி, பலகையின் மேல் மணல் விழாதபடி மண்வெட்டியை அணையாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.